எல்லையில் இறங்கிக்கொண்ட லூர்துமேரி அக்கா

திண்டிவனத்திலிருந்து நான் இருக்கும் விழுப்புரத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். லூர்துமேரி அக்கா இறந்துபோன செய்தி அந்த வழியாக எனக்கு வரவில்லை. ஜெர்மனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில் காலை ஜெபத்துக்குப் பிள்ளைகளை நிற்க வைத்துக்கொண்டிருந்தபோது பெனிட்டா கூப்பிட்டாள். அவள் அக்காவின் ஒரே மகள்.

"சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன் போன் பண்ணாரு. அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்களாம். நான் வர்ற வரைக்கும் நீங்க அம்மா பக்கத்துல இருங்க சித்தி" என்றாள்.

அவள் அழவில்லை. ஜெர்மனியில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. நான் பள்ளியில் சொல்லிவிட்டுக் கட்டிய புடவையோடு பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அண்டை வீட்டுப் பெண்கள் அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ கேட்க வந்து, சரி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்போல இருந்தார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை மிலானில் அறிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்ததும் கோயில் நிலவறை மண்டபத்தில் அவர் கையால் மீன் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும், அவருடைய கடைசி ஆண்டுகளில் நான் மட்டும் அருகில் இருந்து பார்த்ததையும் சேர்த்து எழுதிவைக்க விரும்புகிறேன். அவர் ஏன் இத்தாலிக்குத் திரும்பவில்லை என்று நம்மிடையே ஒரு கதை உலவுகிறது. அது சரியில்லை.

அக்கா தொண்ணூற்று மூன்றில் இத்தாலிக்குப் போனார். கன்னியர்கள் நடத்திய முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. அப்போது பெனிட்டா கைக்குழந்தை. அவளையும், திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் எழுத்தராக இருந்த கணவர் சகாயத்தையும் விட்டுவிட்டுப் போனார். நான் சில ஆண்டுகள் கழித்துப் போனேன். விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் அவர்தான். முதல் வாரமே எனக்கு ஒரு பாடம் எடுத்தார் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அவர் முதல் வாரம் முழுக்க என்னோடு பேசவே இல்லை. இல்லத்திலிருந்து விலகி, வயதான ஒரு சீமாட்டியின் வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்த சமயம் அது. ஞாயிறு மட்டும்தான் விடுப்பு. அந்த ஞாயிறுகளில் எங்கள் அறைக்கு வந்து, படுக்கை விளிம்பில் உட்கார்ந்து, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

எங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் ஒரு சிறிய அட்டையைச் சுற்றியே இருந்தது. அந்த நாட்டில் வாழ்வதற்கான அனுமதி. சொஜ்ஜோர்னோ என்று இத்தாலியச் சொல்லாலேயே அதைக் குறிப்பிடுவோம். ஊரில் மழை பெய்ததா என்று கேட்பதுபோல, சந்திக்கும்போதெல்லாம் "சொஜ்ஜோர்னோ வந்துச்சா?" என்றுதான் கேட்போம். வேலை இருந்தால் அட்டை, அட்டை இருந்தால் வேலை. அதைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வெறும் ரசீதோடு காத்திருக்க வேண்டும். ரசீது இத்தாலிக்குள் செல்லும். எல்லைக்கு அந்தப் பக்கம் அது வெறும் தாள்.

இதை நாங்கள் கண்ணால் பார்த்தது லூர்து யாத்திரையின்போது. எங்கள் ஜெபக்குழு ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிரான்சில் இருக்கும் லூர்து மாதா கோயிலுக்குக் கிளம்பியது. அந்த மாதாவின் பெயரை வைத்துக்கொண்டிருந்தவர் அக்கா. பிறந்ததிலிருந்து அங்கே போக வேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தாராம். பேருந்தில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். கடலோரமாக எல்லையைக் கடந்த சிறிது நேரத்தில் பிரெஞ்சுப் போலீசார் பேருந்தை நிறுத்தினார்கள்.

எல்லோரும் அட்டையை எடுத்துக் காட்டினோம். செலின் என்ற பெண் மட்டும் ரசீதைக் காட்டினாள். வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது அவளுக்கு. வீட்டு வேலை செய்யும் இடத்தில் கற்றுக்கொண்ட பத்துப் பதினைந்து வார்த்தைகளைத் தவிர மொழி தெரியாது. போலீஸ்காரர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவளை இத்தாலிய எல்லையில் கொண்டு விடுவதாகவும், மற்றவர்கள் போகலாம் என்றும் சொன்னார். எங்களோடு வந்த சாமியார் கெஞ்சிப் பார்த்தார். கோயிலுக்குத்தான் போகிறோம், நாளை மறுநாள் திரும்பிவிடுவோம் என்றார். போலீஸ்காரர் மரியாதையாகவே மறுத்தார். செலின் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பையுமாக நின்றாள்.

அக்கா எழுந்து மேலே இருந்த தன் பையை இறக்கினார்.

"நீங்க எங்க போறீங்க? உங்ககிட்டதான் கார்டு இருக்கே" என்றேன்.

"இருக்குது. அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்த பேச வராது ரோசி. தனியா எப்படி ஊரு போயி சேருவா? நீங்க போய்க்கினு இருங்க. மாதா எங்க போயிடப் போறாங்க?"

போலீஸ் வண்டியில் செலினின் பக்கத்தில் அவர் ஏறி உட்கார்ந்ததைப் பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உட்கார்ந்ததும் செலினிடம் செருப்பை வாங்கிக் கீழே வைத்து, போட்டுக்கொள் என்று கையால் காட்டினார். அதற்குப் பிறகு பல வருடம் ஐரோப்பாவில் இருந்தும் அவர் லூர்துக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது வந்துவிடும். செலின் இப்போது இத்தாலியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அக்கா இறந்த அன்று எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அழுது முடித்துவிட்டு வைத்தாள்.

பதினாலு வயதில் பெனிட்டாவை அக்கா இத்தாலிக்கு வரவழைத்துக்கொண்டார். சகாயம் அண்ணன் வரவில்லை. வயதான பெற்றோரை விட்டு வர முடியாது என்றார். அவர்கள் காலமான பிறகும் வரவில்லை. அந்தக் காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் முடிவாகி, நான் விழுப்புரத்துக்கு வந்து சேர்ந்தேன். பிறகு நடந்தவை அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் சொல்லக் கேட்டவைதான்.

ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்குக் கொடுக்கும் நிரந்தர அட்டை அக்காவுக்குக் கிடைத்தது. அதில் ஐரோப்பாவின் பெயரும் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது எல்லா நாட்டிலும் செல்லும் என்று நம்மில் எத்தனையோ பேர் நம்பினோம். அக்கா பார்த்துக்கொண்டிருந்த சீமாட்டி இறந்துபோனார். இத்தாலியில் வேலைகள் குறைந்துவந்த காலம். பெனிட்டா செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். அப்போது பாரிசுக்கு வெளியே உணவகம் வைத்திருந்த அல்போன்ஸ் என்பவர் அக்காவைக் கூப்பிட்டார். அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். வேலை தருகிறேன், ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்றார். மகளைத் தமிழ்க் கன்னியர்களின் விடுதியில் விட்டுவிட்டு அக்கா போனார்.

சட்டம் சொல்வது இதுதான். அந்த அட்டை உள்ளவர் இன்னொரு நாட்டுக்குப் போகலாம். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள், வேலையும் வருமானமும் இருப்பதைக் காட்டி, அந்த நாட்டிலும் வாழ அனுமதி கேட்க வேண்டும். அல்போன்ஸ் ஒப்பந்தத்தை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். அக்கா சமையலறையில் நின்றுகொண்டே மூன்று மாதத்தைக் கழித்துவிட்டார். பிறகு அவரே அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனார். காலம் கடந்துவிட்டது, ஒப்பந்தமும் இல்லை, இங்கே இருக்க முடியாது, இத்தாலிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"வர்றதுக்கு உரிம இருக்குதாம் ரோசி, இருக்கறதுக்கு இல்லையாம். பத்திரிக வச்சி கல்யாணத்துக்குக் கூப்ட்டுட்டு, பந்தியில உக்காரக்கூடாதுன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சி எனக்கு" என்றார்.

அல்போன்ஸ் ஒரு வழி சொன்னார். அவருடைய மனைவிக்கு ஓர் அண்ணன், தன் மனைவியை இழந்தவர், பிரெஞ்சுக்காரர். அக்கா ஊரில் சகாயம் அண்ணனோடு தாளில் விவாகரத்து வாங்கிக்கொண்டு, இவரைத் தாளில் கல்யாணம் செய்துகொண்டால் அனுமதி கிடைத்துவிடும். ஒன்றாக வாழ வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் பிரிந்துவிடலாம். இப்படிச் செய்தவர்களை நமக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அக்காவும் சொன்னதில்லை.

அக்கா திண்டிவனத்துக்கு, கணவருக்குத் தொலைபேசி செய்தார். அன்று மாலையே எனக்கும் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"திட்டுவாருன்னு நெனச்சிக்கினுதான் போன் பண்ணேன். உனக்கு இன்னா தைரியம்னு கேப்பாருன்னு. ‘பேப்பர்ல தான லூர்து, பண்ணிக்கோ, பாப்பா படிப்பு முக்கியம்’னு சொல்றாரு. சோறு துன்னியான்னு கேக்கற மாதிரி சொல்லிட்டாரு ரோசி."

அக்காவே தொடர்ந்தார்.

"கோயில்ல நின்னு ஒருத்தருக்குக் குடுத்த வார்த்த. அத ஆபீசுல போயி இன்னொருத்தருக்குக் குடுக்க எனக்கு வராது. அவருக்கு வேணா லேசா இருக்கலாம். நான் மிலானுக்கே போறேன்" என்றார். அந்த வாரமே போய்விட்டார். மறுபடியும் கன்னியர்களின் முதியோர் இல்லத்தில், முதலில் சேர்ந்த அதே சமையலறையில், பதினெட்டு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தார். பெனிட்டா படித்து முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். கணவரோடு அவர் பேசுவது அதன்பிறகு குறைந்துபோனது. பணம் அனுப்புவார், பண்டிகைக்குப் பேசுவார். அவ்வளவுதான்.

பெனிட்டாவுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்த அடுத்த ஆண்டு சகாயம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போனது. அக்கா ஒரு மாத விடுப்பில் வந்தார். புதுச்சேரியில் மருத்துவமனையில் இருந்தவரைத் திண்டிவனத்துக்குக் கொண்டு வந்தார். ஒரு மாதம் இரண்டானது, ஐந்தானது. முதியோரைத் தூக்கி உட்கார வைப்பது, புரட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவருடைய வேலையாகவே இருந்தவைதாம். வெளிநாட்டில் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்ததை இப்போது கணவருக்குச் செய்தார். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அவரைச் சுவரோரம் நிறுத்தி, "காலு தூக்குங்க. ம். இன்னும். ஜல்தியா ஒண்ணும் போவ வேணாம், மெதுவா தூக்குங்க" என்று அதட்டிக்கொண்டிருப்பார். அதட்டலில் அன்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சிரத்தை இருந்தது.

அந்த நிரந்தர அட்டைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இடையில் ஒருமுறை போய்க் கால் வைத்துவிட்டு வந்தால் போதும். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். பெனிட்டா மிலானுக்கு வரச் சொல்லி டிக்கெட் அனுப்பிவைத்தாள். அந்த இரண்டு வாரமும் நான் சகாயம் அண்ணனைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா பையைக் கட்டிவைத்துவிட்டதாகச் சொன்னார்.

புறப்பட வேண்டிய நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் வாசலில் பாயை விரித்து மல்லாட்டைக் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுப் புடவை. தலை வாரவில்லை.

"மணி ஆவுது. வண்டி இன்னும் வரலியா?" என்றேன்.

"வர வேணாம்னு சொல்லிட்டேன். நான் போவல."

"ஏங்க்கா? இத்தினி வருஷம் கஷ்டப்பட்டு வாங்குனது. ரெண்டு வாரந்தான? நான் பாத்துக்க மாட்டனா அண்ணன?"

"நீ நல்லாதான் பாத்துப்ப. உள்ள வா. கேப்பக் கூழு இருக்குது, குடி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே சகாயம் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண் சிவந்திருந்தது. நான் அன்று கூழைக் குடிக்காமலேயே கோபமாகத் திரும்பி வந்தேன். சில வாரங்களில் அந்தப் பன்னிரண்டு மாதம் முடிந்தது. இருபது ஆண்டு உழைப்பின் உரிமை அத்தோடு போனது. மிலானில் உங்களிடையே பரவிய கதை இதுதான்: அந்த மனிதன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், போகவிடவில்லை, அவள் வாழ்க்கையைக் கெடுத்தான் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யார் அப்படிச் சொன்னாலும் அக்கா மறுத்ததில்லை.

சகாயம் அண்ணன் அதன்பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தார். கோலூன்றிக் கோயில்வரை நடக்கும் அளவுக்கு அக்கா அவரைத் தேற்றியிருந்தார். பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது ஒரே நாளில் போய்விட்டார். அந்தச் சமயம் பெனிட்டா தன் சொந்த நிரந்தர அட்டையோடு ஜெர்மனிக்குப் போக முயன்றுகொண்டிருந்தாள். அக்கா தொலைபேசியில் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "மொதல்ல ஒப்பந்தம் கையில வரட்டும், அப்புறம் டிக்கெட் போடு. வேல குடுக்கறேன்னு வாயால சொல்றவன் ஆயிரம் பேரு இருப்பான்." பெனிட்டா மொழி படித்து, மருத்துவமனை ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்த மாதமே விண்ணப்பித்தாள். அனுமதி வந்தது. தாய்க்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைத்தது. அக்கா அதற்காகக் கோயிலில் ஒரு பூசை வைத்தார். தன்னோடு வந்து இருக்கும்படி மகள் எவ்வளவோ கூப்பிட்டாள். "விருந்தாளியா வேணா ஒரு தடவ வர்றேன்" என்பார். அதற்கும் நேரம் வாய்க்கவில்லை.

அக்காவை அடக்கம் செய்வதற்குள் பெனிட்டா வந்து சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் காத்திருந்தோம். கல்லறைத் தோட்டத்தில், கணவரின் பக்கத்திலேயே இடம். மண் போட்டபிறகு பெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாதான சித்தி அம்மாவ போவ விடல?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டும் அவள் மனத்தில் இருந்த கேள்வி. நான் அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

போன ஆண்டு எனக்குக் கண் அறுவை நடந்தபோது அக்கா விழுப்புரம் வந்து ஒரு வாரம் என் வீட்டில் இருந்தார். திரும்பிப்போக, மதியம் விழுப்புரம் ரயில் நிலையத்தில் பாசஞ்சருக்காகக் காத்திருந்தோம். வண்டி தாமதம். எனக்குக் கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் இருப்பவர் முகம் சரியாகத் தெரியாத தைரியத்தில் கேட்டேன்.

"அண்ணன் அன்னிக்கி ரொம்ப அழுதாராக்கா? அதனாலதான் நின்னுட்டீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அவரு போவ வேணாம்னு சொல்லவே இல்ல ரோசி. போன்னுதான் சொன்னாரு. அப்பதான் பேச்சு லேசா திரும்பி வந்துக்கினு இருந்துச்சி. ‘போ, போ’ன்னு அத ஒண்ணுதான் சொல்றாரு. நல்லா இருந்த கையால என் பைய வாசப்பக்கம் தள்ளறாரு. நான் எடுத்தாந்து உள்ள வெக்கறேன். மறுபடியும் தள்ளறாரு. எனக்கு வந்துச்சி பாரு கோவம்! ‘அன்னிக்கி பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொன்ன. இன்னிக்கும் அதே வாயால போன்னு சொல்ற. என்னை இருன்னு சொல்ல உனக்கு வாயே வராதா?’ன்னு கத்திட்டேன். அப்பதான் அழுதாரு. போறேன்னதுக்கு அழல."

"அப்புறம் இருன்னு சொன்னாரா?"

"இல்ல. அவரு எப்படி சொல்லுவாரு? எனக்குக் கெடுதல் பண்ணக்கூடாதுன்னுதான் அன்னிக்கும் சொன்னாரு, இன்னிக்கும் சொல்றாருன்னு அந்த நேரத்துலதான் எனக்குப் புரிஞ்சிது. நானும் அதுக்கு மேல கேக்கல. பைய அவுத்து, புடவையெல்லாம் எடுத்து பீரோல வெச்சிட்டேன்."

தூரத்தில் வண்டி வரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என் கையைப் பிடித்து, கூட்டத்தில் இடிபடாமல் என்னைத் தூண் ஓரமாக நிறுத்தினார்.

"இத்தாலியில இருக்கட்டுமான்னு இருவது வருஷம் கேட்டேன். பிரான்சுலயும் கேட்டேன், இல்லன்னுட்டாங்க. இந்த வூட்டுல இருக்கறதுக்கு நான் யாரயும் கேக்கல. அவரயும் கேக்கல. நானா இருந்தேன்" என்றார்.

பாசஞ்சர் வந்து நின்றது. அவர் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று எனக்குக் கைகாட்டினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். நானா இருந்தேன் என்று சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை. ஒரு வீட்டுக்காரியின் குரல் அது.